பேர் தெரியாத மீனுக்கு வீடு கட்டாதீங்க!

நம்ம பக்கத்து வண்ண மீன் கடைகளில் ஒரு தொட்டி கண்டிப்பாக இருக்கும். மேலே 'சிக்லிட்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருப்பார்கள். உள்ளே மஞ்சள், நீலம், ஆரஞ்சு, வரி போட்டது, புள்ளி வைத்தது என்று ரெண்டு இன்ச் குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டு திரியும். "இது என்ன மீன் அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "சிக்லிட் சார்" என்பார். அதான் எழுதியிருக்கே, என்ன சிக்லிட்? "மிக்ஸ் சார்". முடிஞ்சது ஜாதகம். ஹோட்டலில் போய் சாப்பிட என்ன இருக்கு என்று கேட்டால் 'டிபன் இருக்கு' என்று சொல்வது மாதிரி.

எங்கள் ஊர் வலங்கைமானை வெளியூர்க்காரர்களுக்கு ரெண்டு விஷயத்துக்காகத் தெரியும். ஒன்று மாரியம்மன் கோவில் பாடைக்காவடி, இன்னொன்று வெடி. பத்து ரூபாய் வெடியை வாங்குகிறவர்கூட இது மேலே போகுமா, தரையில் வெடிக்குமா, எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்று கேட்டுவிட்டுத்தான் பையில் போடுகிறார். பத்து வருஷம் வீட்டில் இருக்கப்போகிற ஒரு உயிரை வாங்கும்போது மட்டும் "அந்த மஞ்சள் ரெண்டு, நீலம் ரெண்டு" என்று கத்தரிக்காய் வாங்குவது போல் வாங்கிவிட்டு வருகிறோம்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். சிக்லிட் வளர்க்கணும்னா முதலில் பேர், அப்புறம் தொட்டி, கடைசியில்தான் மீன். நம்ம ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் மீன், அப்புறம் அது சாகாமல் இருக்க ஒரு தொட்டி, அது பெரிதாகி முழிக்கும்போதுதான் "இது என்ன மீன்?" என்ற கேள்வி. வேற ஊரில் இந்தத் தப்பு ஒரு மீனோடு முடியும். டெல்டாவில் முடியாது, ஆறு வரைக்கும் போகும். ஏன் என்று கீழே வருகிறேன்.

ஜிலேபியும் ஆஸ்கரும் பங்காளிங்க

சிக்லிட் என்றதும் ஏதோ ஃபாரின் சமாச்சாரம் என்று தோன்றும். குடமுருட்டியிலும் சுள்ளன் ஆற்றிலும் வெட்டாற்றிலும் தூண்டில் போட்டவர்கள் எல்லோரும் சிக்லிட் பிடித்தவர்கள்தான். நம்ம ஜிலேபிக் கெண்டை இருக்கே, அது சாட்சாத் சிக்லிட் குடும்பம். பேரில்தான் கெண்டை, உறவு முறையில் கெண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கடையில் நூற்றுக்கணக்கில் விலை சொல்லும் ஆஸ்கருக்கும், மண்டையில் பந்து வைத்த மாதிரி இருக்கும் ஃப்ளவர்ஹார்னுக்கும், தட்டையாக மிதக்கும் ஏஞ்சலுக்கும் பங்காளி.

உலகத்தில் இந்தக் குடும்பத்தில் பேர் வைக்கப்பட்ட இனங்கள் மட்டும் 1,700 பக்கம். ஆப்பிரிக்காவிலும், மத்திய, தென் அமெரிக்காவிலும்தான் பெரும்பாலானவை. மடகாஸ்கரில் கொஞ்சம், மேற்கு ஆசியாவில் கொஞ்சம். இந்தியாவுக்குச் சொந்தமானது எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஜிலேபி கிடையாது!

ஜிலேபி என்கிற மொசாம்பிக் திலாப்பியா ஆப்பிரிக்காவின் தென்கிழக்கு ஆறுகளைச் சேர்ந்தது. 1952ல்தான் இந்தியாவுக்கு வந்தது, அதுவும் நம்ம மண்டபம் வழியாக. ஏழைகளுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தில் கொண்டுவந்தார்கள். ஏழே வருஷத்தில், 1959ல், இதை மேற்கொண்டு பரப்ப வேண்டாம் என்று இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை போட்டது. அதற்குள் ஜிலேபி ஊரெல்லாம் குடியேறிவிட்டது. அமராவதி, வைகை மாதிரி நீர்த்தேக்கங்களில் வலையில் விழுவதில் பெரும்பங்கு ஜிலேபி என்கிற நிலைமை வந்தது. 'திலாப்பியா' நம்ம வாயில் புகுந்து ஜிலேபி ஆகியிருக்கும் என்பது என் ஊகம். பேர் இனிப்பு, கதை கசப்பு :-)

மூக்கைப் பார், முள்ளை எண்ணு

சரி, கையில் இருக்கும் மீன் சிக்லிட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் விதி: நிறத்தை நம்பாதீர்கள். சிக்லிட்டுகள் மூடுக்குத் தகுந்த மாதிரி சட்டை மாற்றும். சாதாரண நாளில் சாம்பலும் பச்சையுமாக அசமந்தமாக இருக்கும் ஆண் ஜிலேபி, ஜோடி தேடும் நேரத்தில் உடம்பெல்லாம் கருத்து, தொண்டைப் பக்கம் வெளுத்து, துடுப்பு ஓரத்தில் சிவப்புக் கரை கட்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் வேற வேற மீன் என்று சத்தியம் பண்ணுவீர்கள்.

நிறத்தை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்:

1. மூக்கு. பெரும்பாலான மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரெண்டு மூக்குத் துவாரம். சிக்லிட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான்.

2. பக்கக் கோடு. மீனின் உடம்பில் செவுளிலிருந்து வால் வரை ஓடும் புள்ளிக் கோடு ஒன்று உண்டு. தண்ணீரின் அதிர்வை உணர்கிற உறுப்பு அது. சிக்லிட்டுகளில் பெரும்பாலும் இந்தக் கோடு நடுவில் அறுந்து, முன்பாதி மேலேயும் பின்பாதி கீழேயுமாக ரெண்டு துண்டாக இருக்கும். ரயில் தண்டவாளம் தடம் மாறின மாதிரி.

3. முதுகுத் துடுப்பு. ஒரே நீளத் துடுப்பு. முன்பாதி குத்தும் முள், பின்பாதி மெத்தென்ற கதிர். ஜிலேபியைக் கழுவி கையைக் குத்திக்கொண்ட வீட்டு அம்மணிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

4. அடித்துடுப்பு. வாலுக்கு முன்னால், வயிற்றுக்குப் பின்னால் அடியில் இருக்கும் துடுப்பைச் சொல்கிறேன். இதில் எத்தனை முள் என்று எண்ணுங்கள். ஜிலேபிக்கு மூன்று. ஆஸ்கருக்கும் மூன்று. நம்ம நாட்டுச் சொந்த சிக்லிட்டுகளான கரிமீனுக்கும் ஆரஞ்சு குரோமைடுக்கும் பன்னிரண்டும் அதற்கு மேலும். வாய்க்காலில் பிடித்த தட்டையான குஞ்சு நம்ம ஊர்க்காரனா வந்தேறியா என்று சந்தேகம் வந்தால் இந்த ஒரு சோதனை போதும்.

5. ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் பின்பக்கம் ஒரு கரும்புள்ளி இருக்கும், திருஷ்டிப் பொட்டு மாதிரி. வளர வளர மறையும். வால் துடுப்பில் குறுக்குக் கோடுகள் வரிசையாக ஓடினால் அது நைல் திலாப்பியா, மொசாம்பிக்கின் ஒன்றுவிட்ட சகோதரன். ரெண்டும் கலந்த வாரிசுகளும் உண்டு, ஆகவே நூற்றுக்கு நூறு அடித்துச் சொல்ல முடியாத மீன்களும் மாட்டும்.

இதை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்தபின், இனத்தின் அறிவியல் பேரைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து 'ஃபிஷ்பேஸ்' மாதிரி தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். வளர்ந்தால் எத்தனை சென்டிமீட்டர், எந்த மாதிரித் தண்ணீர், என்ன சாப்பாடு என்று மூன்று கேள்விக்கும் அங்கே பதில் இருக்கும். பேர் இல்லாமல் இந்த மூன்றும் கிடைக்காது. பேருக்கு நான் இவ்வளவு அடம் பிடிப்பது பந்தாவுக்கு இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரும் உதவாது. ஃப்ளவர்ஹார்னும் ரெட் பேரட்டும் இயற்கையில் கிடையாது. மத்திய அமெரிக்க சிக்லிட்டுகளைக் கலந்து மனுஷன் உருவாக்கியவை. ஃப்ளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் புறப்பட்டு, மண்டை வீங்க வீங்க அதிர்ஷ்டம் என்று வாஸ்துப் பட்டம் கட்டிக்கொண்டு நம்ம ஊர் ஹாலுக்கு வந்தது. ரெட் பேரட்டுக்கு வாயையே சரியாக மூட வராது. அதை 'சிரிச்ச முகம்' என்று சொல்லி விற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்ம சொந்தக்காரங்க மூணு பேர்

ஒன்று கரிமீன். கேரளம் 2010ல் தன் மாநில மீனாகவே அறிவித்துக்கொண்டது. தமிழ்நாட்டுப் பக்கம் பழவேற்காடு ஏரியிலும் உண்டு. ரெண்டாவது ஆரஞ்சு குரோமைடு. மலையாளத்தில் பல்லத்தி. எட்டு சென்டிமீட்டர் அளவில் மஞ்சள் உடம்பில் செம்புள்ளி வரிசைகளோடு, வெயிலில் பார்த்தால் பொற்காசு மாதிரி இருக்கும். மூன்றாவது கர்நாடகக் கரையோர ஆறுகளில் மட்டும் இருக்கும் கனரா கரிமீன்.

முதல் ரெண்டுக்கும் அறிவியல் பேர் வைத்தவர் பெர்லினில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ப்ளோக் என்பவர். கரிமீனுக்கு 1790ல், குரோமைடுக்கு 1795ல். அவருக்கு இந்தியாவிலிருந்து மீன் அனுப்பியவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? நம்ம தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார். நன்றிக்கடனாக ப்ளோக் கத்தாழை மீன்களில் ஒரு பிரிவுக்கு 'ஜானியஸ்' என்றே பேர் வைத்தார். காவிரி கடலில் கலக்கும் ஓரத்திலிருந்து ஜாடியில் போட்டு, மாதக்கணக்கில் கப்பலில் பயணம் செய்து, பெர்லினில் போய்ப் பேர் வாங்கியிருக்கின்றன மீன்கள். நாம் கூகுளில் தேடச் சோம்பல் படுகிறோம்.

இந்த மூன்றுக்கும் நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில் இல்லை, மடகாஸ்கரில் இருக்கிறது. இந்தியாவும் மடகாஸ்கரும் எட்டு, ஒன்பது கோடி வருஷத்துக்கு முன் ஒட்டியிருந்த காலத்தின் மிச்சம் இது என்று ஒரு கட்சி. இல்லை, நிலம் பிரிந்த பிறகு கடலைக் கடந்துதான் பரவின என்று இன்னொரு கட்சி. பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. எது சரியானாலும், நம்ம உப்பங்கழியில் நீந்தும் இந்தச் சின்ன மீனுக்கு நம்ம கோவில்கள் எதையும்விடப் பழைய வரலாறு.

குரோமைடு குடும்பம் நடத்துவதைப் பார்க்கணும். அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பை உரசி, தோலில் சுரக்கும் வழவழப்பைச் சாப்பிடும். அமேசானின் டிஸ்கஸ் இதைச் செய்யும் என்று அதற்கு ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கிறோம். அதையே செய்யும் மீன் இங்கேயே இருக்கிறது. போதாக்குறைக்கு, குரோமைடுகள் கரிமீன்களின் உடம்பில் ஒட்டும் பூச்சிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும் என்று 1972ல் வைமன், வார்டு என்ற ரெண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். சலூன் வைத்திருக்கிற மீன்!

வீடு எவ்வளவு பெரிசு?

பேர் தெரிந்தாச்சு. இனி தொட்டி. கடையில் பார்க்கும் ரெண்டு இன்ச்சுக்குத் தொட்டி வாங்கக் கூடாது, வளர்ந்த மீனுக்கு வாங்கணும். பள்ளிக்கூட யூனிஃபார்மை ஒரு சைஸ் பெரிசாகத் தைக்கும் ஊரில் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆரஞ்சு குரோமைடு: மூன்றடி நீளம், ஒன்றேகாலடி அகலம், ஒன்றேகாலடி உயரம். சுமார் 130 லிட்டர். ஆறு மீன் சேர்த்து விட்டால் ஜோடி அவைகளே சேரும். கொஞ்சம் கடினமான போர்த் தண்ணீரே அதற்குப் பிடிக்கும், பி.எச். ஏழும் அதற்கு மேலும். ஒரு உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள், பிரசவ ஆஸ்பத்திரி ரெடி.

ஏஞ்சல்: நீளத்தைவிட உயரம் முக்கியம். ஒன்றரை அடிக்குக் குறைந்தால் துடுப்பு மடங்கும்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் (கடையில் 'மிக்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் இவைதான்): நாலடித் தொட்டி, நிறையப் பாறை, பி.எச். எட்டு பக்கம். தண்ணீர் மெதுவாக இருந்தால் நம்ம ஊர்க் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி ஃபில்டரில் போடுங்கள், சுண்ணாம்புச் சத்து ஏறும். இவை மணலைத் தோண்டும். ஆகவே பாறையை முதலில் அடிக் கண்ணாடியில் நேராக உட்கார வைத்துவிட்டு, பிறகு மணல் போடணும். மணல்மேல் பாறை வைத்தால் ஒரு நாள் ராத்திரி 'டமார்' கேட்கும். இவற்றில் பலது பாசி தின்னும் சைவப் பட்சிகள். பாசத்தில் மண்புழுவும் இறைச்சியும் போட்டால் வயிறு வீங்கிச் சாகும்.

ஆஸ்கர்: ஒரே ஒரு மீனுக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அதாவது 250 லிட்டர். ஒரு வருஷத்தில் பத்து இன்ச்சைத் தொடும், ஓரடி வரை போகும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். ரெண்டடித் தொட்டியில் ஜோடியாகப் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்தத் தொட்டியே 56 லிட்டர்தான்.

ஃப்ளவர்ஹார்ன்: அதே நாலடி, தனியாக. யாரோடும் ஒத்துப்போகாது. கண்ணாடியில் தெரியும் தன் நிழலோடுகூடச் சண்டை.

கரிமீன்: நாவில் மட்டும் போதும் என்பவர்கள் இந்த வரியைத் தாண்டலாம். வளர்த்தே தீருவேன் என்றால் ஐந்தாறு அடித் தொட்டி.

எடையையும் கணக்குப் பண்ணுங்கள். 250 லிட்டர் தண்ணீர் என்றால் 250 கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்து முந்நூறைத் தாண்டும். மர ஸ்டூல்மேல் வைக்கிற சாமான் இல்லை.

தொட்டியை நிரப்பின அன்றே மீன் விடாதீர்கள். மீனின் கழிவு அமோனியா, அது விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். வயல் உழுது ஆறவிட்டுத்தானே நாற்று நடுகிறோம்? நண்பர் யாராவது ஓடுகிற ஃபில்டரிலிருந்து பழைய ஸ்பாஞ்சுத் துண்டு கொடுத்தால் சீக்கிரம் ஆகும். அப்புறம் வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவது, குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக்குவது, அவ்வளவுதான் சூட்சுமம்.

இன்னொன்று, கரண்ட். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஏர் பம்ப் நின்றால் முதலில் திணறுவது நெருக்கடியான தொட்டியில் இருக்கும் பெரிய மீன். பெரிய தொட்டியில் சின்ன மீன் நாலைந்து இருந்தால் ராத்திரி தாங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று ஐப்பசிக்கு முன்னாடியே வாங்கி வையுங்கள்.

தொட்டிக்கும் ஆத்துக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பேர் தெரியாமல் வாங்கிய ஆஸ்கர் வளர்ந்து தொட்டியில் திரும்பக்கூட முடியாமல் நிற்கிறது. என்ன செய்வோம்? சாகடிக்க மனசு வராது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். "பாவம், ஆத்துல விட்டுடலாம், புண்ணியம்". நல்லவர்கள்தான் இதைச் செய்கிறார்கள், அதுதான் கஷ்டமே.

நம்ம ஊர் அமைப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். கொல்லைக் குட்டையில் இருந்து கன்னி வாய்க்கால், கன்னி வாய்க்காலில் இருந்து பெரிய வாய்க்கால், அங்கேயிருந்து ஆறு, ஆற்றிலிருந்து இன்னொரு ஆறு. காவிரி கையை விரித்து வைத்திருக்கிற இடம் இது. சோழ நாட்டில் ஒரு மீனைத் தனியாக ஒரு குளத்தில் விட முடியாது. ஒன்றில் விட்டால் எல்லாவற்றிலும் விட்ட மாதிரி. ஆசைக்குக் கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டியவர்கள் விடவே வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் தொட்டி வழிந்தால் மீன் தானே கிளம்பிப் போய்விடும்.

"ஒரு மீன் போனா என்ன ஆயிடும்?" என்பார்கள். பெண் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். ஒரு தாய் போனால் ஒரு வாய் நிறையக் குடும்பம் போகிறது. குளம் வற்றும்போது தரையில் வட்ட வட்டமாகக் குழி தெரிகிறதே, அது ஆண் ஜிலேபிகள் முட்டையிட வைக்கத் தோண்டிய பள்ளம். அத்தனை பள்ளமும் 1952ல் வந்த விருந்தாளியின் வாரிசுகளுடையது. ஆஸ்கர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இப்படித்தான் நிரந்தரமாகக் குடியேறியது. சிங்கப்பூரில் ஃப்ளவர்ஹார்ன் மோகம் வடிந்ததும் தூக்கி விட்டதில், அங்குள்ள நீர்த்தேக்கங்களில் அது நீந்துகிறது. 'லுவோஹான்' என்று அங்கே பேர். சிங்கப்பூர் பதிவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சிக்லிட் எப்போதும் வில்லன் என்றும் சொல்ல வரவில்லை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனை விட்டார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சின்ன சிக்லிட் இனங்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் அழிந்தோ, அருகியோ போயின. அங்கே சிக்லிட் செத்தது, இங்கே சிக்லிட் ஜெயித்தது. ரெண்டு இடத்திலும் காரணம் தண்ணீரில் கைவைத்த மனுஷன்.

இதைவிட ஒரு வேடிக்கை. உலகத்தின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கும் மொசாம்பிக் ஜிலேபி, அதன் சொந்த ஊரில் ஆபத்தில் இருக்கிறது! அங்கே யாரோ கொண்டுபோய் விட்ட நைல் திலாப்பியாவோடு கலந்து கலந்து அசல் வம்சம் கரைந்துகொண்டிருக்கிறது.

"அப்ப ஜிலேபி வேண்டாங்கறியா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. விரால் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிற வீடுகளில் குழம்பு கொதிப்பது ஜிலேபியால்தான். எழுபது வருஷத்துக்கு மேல் நம்மோடு இருந்து நம்ம சட்டிக்குள் வந்துவிட்ட மீனை இனி வெளியே அனுப்பவும் முடியாது. ஆனால் அந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. 1952ல் கொண்டுவந்தவர்கள் படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள், அரசாங்கம். 1959ல் தடுக்க நினைத்ததும் அதே அரசாங்கம். அவர்களாலேயே திரும்ப எடுக்க முடியவில்லை. வாளியோடு ஆற்றங்கரையில் நிற்கும் நம்மால் முடியுமா?

இன்னொரு வாதம், "அளவு, முள்ளு, பேருன்னு பேசினா பசங்க மீன் வளர்ப்பு பக்கமே வரமாட்டாங்க". எனக்கு அப்படித் தோன்றவில்லை. பசங்களுக்கு முள் எண்ணுவதுதான் பிடிக்கும். கிரிக்கெட் வீரர்களின் பத்து வருஷ ஸ்கோரை மனப்பாடமாகச் சொல்கிற பையனுக்கு 'அடித்துடுப்பில் பன்னிரண்டு முள் இருந்தால் நம்மாளு' என்பது பெரிய விஷயமா? வாரக்கணக்கில் செத்துச் செத்து மிதக்கும் மீனைப் பார்ப்பதுதான் அவனை இந்தப் பக்கம் வராமல் செய்யும்.

ஆக, என் யோசனை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மூன்றடித் தொட்டியும் ஆரஞ்சு குரோமைடும் வைத்து ஆரம்பியுங்கள். சின்ன மீன், நம்ம தண்ணீருக்குப் பழகியது, குடும்பம் நடத்துவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஆனால் கழியில் போய் வலை வீசி அள்ளிக்கொண்டு வராதீர்கள், பண்ணையில் வளர்த்ததைத் தேடி வாங்குங்கள். நம்ம நாட்டு மீன்தானே என்று தொட்டியில் வளர்ந்ததை ஆற்றில் விடவும் கூடாது. தொட்டி நோய் ஆற்றுக்குப் போகும்.

ஏற்கெனவே பெரிய சிக்லிட் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள், ஆற்றுக்குப் போவதற்கு முன்னால் நாலு மீன் வளர்ப்பவர்களைக் கேளுங்கள். பெரிய தொட்டி வைத்திருக்கிறவர் யாராவது எடுத்துக்கொள்வார். விலை எதிர்பார்க்காதீர்கள், பெண் கொடுக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், இடம் நல்லதாக இருந்தால் போதும்.

கடைக்காரர்களிடம் ஒரே கோரிக்கை. 'சிக்லிட்' என்று எழுதின அதே அட்டையில் இன்னும் ரெண்டு வரி எழுதுங்கள்: முழுப் பேர், வளர்ந்தால் எத்தனை இன்ச். மை செலவு கால் ரூபாய் ஆகாது. மீன் சாகாமல் இருந்தால் அடுத்த மீனுக்கு அதே ஆள் உங்களிடம்தான் வருவான், வியாபாரத்துக்கும் நல்லதுதானே?

இனி உங்கள் முறை. வீட்டில் தொட்டி வைத்திருக்கும் பதிவர்கள் எழுந்து போய் அதில் இருப்பவர்களின் மூக்கைப் பார்த்து, முள்ளை எண்ணிவிட்டு வாருங்கள். என்ன பேர், எத்தனை லிட்டர் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். "மஞ்சளா ரெண்டு, நீலமா ரெண்டு" என்று சொல்கிறவர்களின் பின்னூட்டம் மட்டும் மட்டுறுத்தப்படும் :-)